வடக்கே தலை

வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று என் தங்கச்சி பேச்சாயி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் நெஞ்சில், தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பி வைத்திருக்கிறார்கள். போர்ட் என்று பெயர். புற்றுநோய் மருந்தை அது வழியாகத்தான் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன்னால் சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் திரும்பி வந்தால்தான் மருந்து.

ஒரு மணி நேரமாக ஒரு சொட்டு வரவில்லை.

நர்ஸ் மரியசெல்வி கையைத் தூக்கச் சொன்னாள். இருமச் சொன்னாள். கழுத்தைத் திருப்பி, மூச்சை அடக்கி, மறுபடி இருமச் சொன்னாள். பேச்சாயி இருமிய இருமலில் எதிர்க் கட்டில்காரர் எழுந்து தண்ணீர் கொடுத்தார். ரத்தம் மட்டும் வரவில்லை.

கடைசியாக ஒரு வழி. தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்திப் படுத்துக்கொண்டு இரும வேண்டும். அந்தக் கட்டிலில் தெற்குப் பக்கம் மட்டும்தான் உயரும். ஆக, கால் தெற்கே, தலை வடக்கே. கட்டிலைத் திருப்பிப் போடவும் இடமில்லை.

“செத்தாலும் வடக்க தல வைக்க மாட்டேன். மருந்தும் வேணாம், மண்ணும் வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்.”

போனால் திரும்பி வர மாட்டாள். அவளை எனக்குத் தெரியாதா? கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னார். இன்றைக்கு ஏறாவிட்டால் மதுரைக்குப் போய் இந்த டப்பியை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். மறுபடி கத்தி என்றால் அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

நான் சோலைமுத்து. செம்பட்டிப் பக்கம் போர்வெல் போட இடம், அதாவது பாயிண்ட், பார்த்துச் சொல்கிறவன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பேன். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். நின்ற இடத்தில் தண்ணீர் வராவிட்டால் அது போர் லாரிக்காரன் அவசரப்பட்டு நிறுத்தியதால்தான். பேச்சாயியின் காட்டு நிலத்திலும் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் புழுதிதான் பறந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

காலையில் சித்தையன்கோட்டையில் ஒரு தோப்பைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தேன். தேங்காய் பையில் இருந்தது.

“சிஸ்டர், செத்த நேரம் பொறுங்க. நான் பாயிண்ட் பாக்குறேன்.”

மரியசெல்வி என்னை முறைத்தாள். பிறகு பேச்சாயியைப் பார்த்தாள். தேங்காயை எடுத்ததும் பேச்சாயி செருப்பைத் தேடுவதை நிறுத்தியிருந்தாள்.

மரியசெல்வி விவரமானவள். என்னைக் கை கழுவச் சொன்னாள். மாஸ்க் கொடுத்தாள். தேங்காய்க்கும் சானிடைசர் தடவினாள், குடுமி உட்பட.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார்கள். கிழக்கே போனேன், தேங்காய் படுத்தே கிடந்தது. மேற்கேயும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் சேவியர் சார், “பாத்ரூம் பக்கம் போயிராதீங்க, அங்க கண்டிப்பா நிக்கும்” என்றார். வாத்தியாராக இருந்தவர், வாய் சும்மா இருக்காது.

பேச்சாயி கட்டிலின் வடக்கு முனையில் தேங்காய் சடாரென்று எழுந்து நின்றது.

வார்டே வாயைப் பிளந்தது. இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? பேச்சாயி முனகிக்கொண்டே வடக்கே தலை வைத்துப் படுத்தாள். கால் பக்கம் உயர்ந்தது. இருமினாள்.

சிரிஞ்சில் ரத்தம் ஏறியது.

மரியசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாஸ்க்கை மேலே இழுத்து அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

அப்படியே அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மரியசெல்வி மருந்தைத் திறந்துவிட்டாள்.

அதற்கப்புறம் என்னை விடுவார்களா? எந்தக் கையில் ஊசி குத்தினால் நரம்பு கிடைக்கும் என்று மூலைக் கட்டில் நாகஜோதி இரண்டு கையையும் நீட்டினாள். எதிர்க் கட்டில்காரருக்குக் கறி சாப்பிடலாமா என்று தெரிய வேண்டியிருந்தது. மரியசெல்விகூட, மாற்றல் எந்தத் திசையில் வரும் என்று காதோடு கேட்டாள். எல்லோருக்கும் நடந்தேன். எல்லோருக்கும் நின்றது.

சேவியர் சார் மட்டும் எதையும் கேட்கவில்லை.

“எனக்குச் சும்மா பாருங்க” என்றார்.

என்ன பார்க்க என்று நானும் கேட்கவில்லை. தேங்காய் அவருக்குச் செங்குத்தாக நின்றது. போதும் என்று அவர் சொல்லும்வரை நின்றது. பிறகு டீ வேண்டும் என்றார். இரண்டு நாளாக அவர் வாயில் எதுவுமே இறங்கவில்லை என்று மரியசெல்வி ஓடினாள்.

நான் வியர்த்து வழிந்து வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உத்தரத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எல்லாருக்கும் பாத்துட்ட. எனக்கும் ஒருக்கா சாருக்குப் பாத்த மாதிரி சும்மா பாரு. கட்டைவெரலால நெம்பாமப் பாரு.”

அப்படியென்றால் தெரிந்துதான் வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

நெம்பாமல் பார்த்து, அவளுக்கு எழாமல் போய்விட்டால்? தேங்காயைப் பைக்குள் போட்டு, பை வாயை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.