இல்லாத குதாமா
கூஃபா பள்ளிவாசலின் தூணடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. நபிமொழி எழுத வந்தவர்கள் நாணற்பேனாவை மையில் தோய்த்துவிட்டு ஜரீரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நபிமொழி சொல்லப்போகும் கிழவர் ஸிமாக் அவனை வளர்த்த பெரியவாப்பா; ஞாபகம் பிசகியவர் சொல்வதை எழுதக்கூடாது என்பதால், அவரின் நினைவாற்றலை அவன் இன்று சோதித்தே ஆகவேண்டும். "இந்த நபிமொழிய வாஸித் ஊர் குதாமாகிட்டதானே கேட்டீங்க?" என்கிறான். அப்படி ஓர் ஆளே கிடையாது. அது ஜரீர் இட்டுக்கட்டிய பெயர். கிழவரின் முகம் மலர்கிறது. "ஆமாப்பா, அவரேதான். தங்கமான மனுஷன்." எழுத வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவைக் கீழே வைக்கிறார்கள்.  ஜரீர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இனிமே இவர் சொல்றத யாரும் எழுதாதீங்க, ஞாபகம் போயிடுச்சு" என்கிறான். கிழவர் கவலையோடு அவன் கையைப் பற்றுகிறார். "யாரச் சொல்றேப்பா? பேரச் சொல்லு, நானும் நாலு பேருக்கு எச்சரிக்கை பண்றேன்."