தொண்ணூறு சதவீதம்

டொய்ங்.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போன்தான் கத்தியது.

"ஏண்டி, ஆபீஸ் அலாரம் போதாதுன்னு சொந்தமா வேற ஒண்ணு வளர்க்கிறியா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அவள் தன் போனைத் திருப்பினாள். 'உங்கள் குடும்பச் சேமிப்பிடம் தொண்ணூறு சதவீதம் நிறைந்துவிட்டது.'

"அப்பா!" பல்லைக் கடித்தாள். "இந்த மாசத்துல மூணாவது தடவை."

அவளுக்கு வேலையே இதுதான். கம்பெனிகள் கிளவுடில் கொட்டி வைக்கும் கோப்புகளுக்கெல்லாம் மாத வாடகை உண்டு. எது வீங்குகிறது, எதை அழிக்கலாம், எதை மலிவான மூலைக்குத் தள்ளலாம் என்று நாள் முழுக்கத் திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரார் இடத்தையெல்லாம் கட்டிக் காப்பவளால் சொந்த அப்பாவின் நூறு ஜிபியைக் காப்பாற்ற முடியவில்லை.

படிக்கட்டுப் பக்கம் போய் எண்ணை அழுத்தினாள். மற்ற நாளில் அவர் அனுப்பும் காலை வணக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவாள். அதோடு சரி.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு! சாப்பிட்டியா?"

"மறுபடி நிறைஞ்சிருக்குப்பா."

"அடடா! இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்."

கண்ணாடி வர ஐந்து நிமிடம் ஆனது.

"என்னதான்ப்பா எடுக்கறீங்க? சினிமாவா?"

"கை தவறி அமுங்கிடுதும்மா."

"கை தவறி நாற்பது நிமிஷமா?"

"வயசாச்சில்ல." சிரித்தார். "குரல் கம்மியிருக்கே, இருமலா?"

"பேச்சை மாத்தாதீங்க. கீழ, வலது பக்கம், குப்பைத் தொட்டி படம் இருக்கா?"

"எங்க... எங்க... ஆ, இருக்கு. மெதுவாச் சொல்லு. என்ன அவசரம்?"

என்ன அவசரமா? மேசையில் மூன்று சிவப்புக் கோடுகள் காத்திருக்கின்றன. முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஒரு யூனிட் பிசகினாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஆறு வீடியோவை அழிக்க இருபத்தைந்து நிமிடம்.

"அப்பா, ஒண்ணு பண்றேன். பெரிய இடமா வாங்கிடறேன். ரெண்டாயிரம் ஜிபி. நீங்க ஆயுசுக்கும் எடுத்தாலும் நிறையாது. உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல."

மறுமுனையில் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"வேணாம்மா."

"செலவைப் பத்தி யோசிக்காதீங்க."

"செலவுக்கில்ல... இருக்கறதே போதும். நிறைஞ்சா நீதான் சொல்லுவியே, அழிச்சிடறேன்."

"அதான் பிரச்சினையே! நான் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

"சரிம்மா." குரல் சட்டென்று சிறுத்துப்போனது. "உனக்கு வேலை கிடக்கும். வை."

சீட்டுக்குத் திரும்பினாள்.

"என்னவாம்?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"பிடிவாதம். அம்மா போனதுல இருந்து தனி ராஜாங்கம். யார் பேச்சும் காதுல ஏறாது."

"கேக்கறதெல்லாம் எதுக்கு? பேசாம வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

அதுவும் சரிதான். ரெண்டாயிரம் ஜிபிக்கான பக்கத்தைத் திறந்தாள். கார்டு எண்ணையும் அடித்தாயிற்று. 'வாங்கு' என்ற பொத்தான் பச்சையாகக் காத்திருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழித்தது குப்பைத் தொட்டியில் கிடந்தாலும் இடத்தை அடைக்கும். தொட்டியைக் கொட்டச் சொல்வதற்குள் பேச்சு முறிந்துவிட்டது. அப்பாவுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான், கடவுச்சொல் தெரியும். உள்ளே போனாள்.

ஆறு வீடியோ. எல்லாமே நாற்பது நிமிடம். எல்லாமே இருப்பதிலேயே அதிகத் தெளிவில். கை தவறியாம்!

ஒன்றைத் திறந்தாள்.

அப்பா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நீலக் கோடு போட்ட சட்டை.

அடுத்ததைத் திறந்தாள். அதே சட்டை.

அதற்கடுத்ததிலும் அதே சட்டை. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. எங்கே போட்டுக்கொண்டு போகிறார்?

அந்தச் சந்தேகம் இன்னொருவருக்கும் வந்திருந்தது. கடைசி வீடியோவில், சன்னலுக்கு வெளியேயிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"என்ன மீட்டர் சார், நேத்தும் இதே சட்டைதான் தேய்ச்சீங்க. எந்த ஊருக்குக் கிளம்பறீங்க?"

"எங்கயும் இல்ல. போன்ல படம் பதிவாகிட்டிருக்கு. அதுவரைக்கும் கை சும்மா இருக்கணுமேன்னு..."

"இதைப் போய்ப் படமா? யார் பாக்கப் போறா?"

"யாரும் பாக்க வேணாம்ப்பா." அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "முப்பது வருஷம் மீட்டர் பாத்தவன் நான். சீரா ஓடுற வீட்டுப் பக்கம் ஆபீஸ்லேர்ந்து ஒரு ஈ காக்கா வராது. திடீர்னு எகிறுச்சுன்னாத்தான் என்ன ஏதுன்னு கேட்டு ஆள் அனுப்புவாங்க."

"அதுக்கு?"

"காலையில எண்பத்தாறு சதவீதம். தொண்ணூறைத் தொட்டா என் பொண்ணு கூப்பிடுவா."

சட்டையைத் திருப்பிப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தார்.