ரேடியோ வைரவர்

அப்புத்துரை ரேடியோவுக்கென்று நட்ட செப்புத் தடிக்கு யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, பக்கத்து வளவுக் கமலாசனிதான். உருத்திரபுரத்தில் கல்லைக் கண்டாலும் கற்பூரம் கொளுத்தக்கூடிய ஆள் அவா ஒருத்திதான் என்பது அப்புத்துரையின் தீர்ப்பு. அவருக்குக் கோயில், திருவிழா ஒன்றும் ஆகாது. அவர் நம்புவது ரேடியோவை மட்டும்தான்.

அந்த ரேடியோவுக்காகப் பனையிலிருந்து வேம்புக்கு இருநூறு அடி நீளத்தில் கம்பி இழுத்திருந்தார். பின்னேரமானால் உலகத்து ஸ்டேசன் எல்லாம் அவருடைய விறாந்தைக்கு வந்துவிடும். சோளகக் காற்று தொடங்கியதும் வந்தது வினை. காய்ந்த காற்றும் புழுதியும் உரசி உரசி, அந்த நீளக் கம்பியில் மின்சாரம் ஏறி, அடுத்தடுத்து இரண்டு ரேடியோவைத் தின்றுவிட்டது.

மழையுமில்லை, மின்னலுமில்லை, எப்படி எரியும் என்று கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் சுமனிடம் சண்டைக்குப் போனார். சுமன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். கம்பியில் ஏறுவதற்கு இறங்கவும் ஒரு வழி வேண்டும். செப்புத் தடி ஒன்றை மண்ணில் அடித்து, நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டு அன்டனாக் கம்பியோடு தொடுத்துவிட்டால், மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் போய்விடும். கோடையில் மண் காயாமல் நாளாந்தம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"இது மூண்டாவது ரேடியோ, ஐயா," என்றான். "இதுவும் எரிஞ்சா, உள்ளுக்குப் போட இனிச் சாமான் இல்லை."

அன்றிலிருந்து அப்புத்துரை விடிய எழும்பி, முகம் கழுவி, ஒரு குடம் தண்ணீரோடு வேம்படிக்குப் போனார். முழங்காலளவு வெளியே நின்ற தடியைச் சுற்றி ஊற்றி, மிச்சத்தை அதன் தலையில் கவிழ்த்தார். மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு வைரவர் என்று கும்பிடுகிற ஊரில், வேலிக்கு அங்கால் நின்று பார்ப்பவருக்கு அது வேறு மாதிரித்தான் தெரியும்.

பொட்டைக் கண்ட அன்று அப்புத்துரை சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்று கைக்கு வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு நேரே சந்திக் கடைக்குப் போனார். கமலாசனி கும்பிடுவது வைரவருமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, ஆறடி முழுச் செம்பு, கொழும்பில் எடுப்பித்தது என்று தேத்தண்ணி குடிக்க வந்த அத்தனை பேருக்கும் விளக்கம் கொடுத்தார்.

அடுத்த வெள்ளி தடிக்கு வடைமாலை விழுந்தது. அதில் இரண்டைக் கழற்றித் தின்றபடி மறுபடியும் கடைக்குப் போனார்.

பிறகு கண் ஒப்பரேசனுக்கு வவுனியா போகவேண்டி வந்தது. பத்து நாள். மகள் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தபோதுதான், ரேடியோவிலிருந்து கம்பியைக் கழற்றாமல் வந்தது நினைவுக்கு வந்தது. வெளியே சோளகம் ஊதிக்கொண்டிருந்தது. தடிக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? கண்ணை விட ரேடியோவை நினைத்துத்தான் அவருக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியதும் கடையில் ஒரு செய்தி சொன்னார்கள். பழைய இரும்பு எடுக்கிற லொறி ஒன்று வந்துபோன கையோடு, இரண்டு வளவில் தண்ணீர்ப் பம்பின் செப்பு வயர் காணாமல் போய்விட்டதாம். அப்புத்துரை வீட்டைக்கூடத் திறக்காமல் வேம்படிக்கு ஓடினார்.

தடி நின்றது. அடிமண் சேறாகிக் கிடந்தது. உள்ளே போய் ரேடியோவைத் திருகினார். எங்கேயோ ஒருத்தி விளங்காத பாஷையில் பாடினாள். அதைவிட இனிமையான பாட்டை அவர் கேட்டதில்லை.

சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. வேலியடிக்குப் போனார்.

"என்ன தங்கச்சி, உம்மட வைரவர் என்ர ரேடியோவைக் காப்பாத்திப்போட்டார் போல கிடக்கு."

கமலாசனி உடுப்புக் காயப்போட்டபடி திரும்பிப் பார்த்தா.

"அது வைரவரில்லை எண்டு எனக்குத் தெரியும், அண்ணை. சுமன் என்ர அக்காவின்ர மகன். தண்ணி ஊத்தவேணுமெண்டது வரைக்கும் அவன் எல்லாம் சொன்னவன்."

அப்புத்துரை வேலியை எட்டிப் பிடித்தார். "தெரிஞ்சுகொண்டோ பொட்டு வைச்சனீர்?"

"வெளியில தெரியிற செம்பைச் சும்மா விடுவினமே? சாமியெண்டா கை வைக்கப் பயப்பிடுவினம்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டா. "பொட்டோட நிப்பாட்டத்தான் இருந்தனான். நீங்கள் கடையில போய் முழுச் செம்பெண்டு சொன்னாப் பிறகு வடைமாலையும் போடவேண்டி வந்திட்டுது. அதுவும் காணாதெண்டு, வைரவர் என்ர கனவில வந்து அந்த இடத்தைக் கேட்டவரெண்டு ஊரெல்லாம் சொன்னனான். உங்கட வாயால, அண்ணை, நான் கும்பிடுற சாமியின்ர பேரிலயே பொய் சொல்லிப்போட்டன்."