செல்லனின் பொதி

கரண்ட் போனால் செல்லன் படுத்துவிடுவான். வந்த பிறகும் எழும்ப ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுப்பான். ஏன் என்று துசாந்தனுக்குப் பிடிபடவில்லை.

“உங்கட செல்லப்பிள்ளை எழும்ப முதல் கடல் வீட்டுக்க வந்திடும்,” என்றாள் மனைவி தக்ஷாயினி. சுனாமியில் தாயை இழந்தவள். அது வெறும் பகிடியல்ல.

“ஏசாதகா,” என்றான் துசாந்தன். “அவன்ட சாமான் எல்லாத்தையும் ஒரே பொதியா இறுக்கிக் கட்டித்தானே வச்சிருக்கன்.”

“ஏன் பொதி?”

“சண்டைக்காலத்தில போல ஓட வேண்டி வந்தா தூக்கிக்கொண்டு ஓடலாமெண்டுதான்.”

தக்ஷாயினி சிரித்துவிட்டாள். “சண்டை முடிஞ்சுதேப்பா! இனி எங்க ஓடுறது? அவிட்டு வைங்க.”

துசாந்தன் துள்ளி எழுந்து கணினியைத் திறந்தான். கடல் பொங்கினால் கரையோர மக்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்ப அவன் எழுதிய ஜாவா நிரல்தான் செல்லன். சுருக்கிக் கட்டிய ஒரே கோப்புக்குள் இன்னும் பல பொதிகள். தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது அத்தனையையும் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்து, தனித்தனிக் கோப்புகளாக வைத்தான். கணினியை நிறுத்தி மீண்டும் போட்டான்.

தக்ஷாயினியின் கைபேசி உடனே கிணுகிணுத்தது: “செல்லன் எழும்பிவிட்டான்.”

முன்கூட்டியே பிரித்து வைத்தால் போதும். நிரல் தாமதமின்றித் தொடங்கும்.