ஐந்து பாடம், ஐந்து நாற்பது

“அஞ்சு பாடம். அஞ்சுலயும் நாப்பது. ஒரு மார்க் குறைஞ்சிருந்தா ஃபெயில்,” என்றபடி மதிப்பெண் பட்டியலை மேசைமேல் போட்டார் நிதி அலுவலர். “இதுக்குத்தான் இந்தப் பொண்ணுக்குன்னு தனியா ஒரு ஆளைப் போட்டு வெச்சிருக்கோமா?”

அந்தத் தனி ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பேராசிரியர்கள் பேசுவதைக் காது கேளாத மாணவிக்குச் சைகை மொழியில் சொல்வது அவள் வேலை. பல்கலைக்கழகத்தில் வாசல் காவலர் முதல் எல்லோருக்கும் அவள் சைகையக்கா. இப்போதும் அலுவலர் கேட்டதை ஒரு சொல் விடாமல், பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவிக்குக் கைகளால் சொன்னாள்.

தன்மேல் விழும் திட்டைத் தானே மொழிபெயர்ப்பது இருக்கிறதே, அந்தக் கொடுமை யாருக்கும் வரக் கூடாது. இன்றைக்கு மட்டும் வேறொருவரை வைத்துக்கொள்ளலாமே என்று அவள் காலையிலேயே கேட்டுப் பார்த்தாள். ஒரு மாணவிக்கு ஓர் ஆளுக்குத்தான் நிதி, விதியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அலுவலரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விதிப்புத்தகத்தில் எழுதியிருந்தால்தான் தண்ணீரே குடிப்பார், அப்படிப்பட்ட மனிதர். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, நிதானமாக வாசித்தார். ஒரு பருவம் முழுக்க உதவி கொடுத்தும் பலன் தெரியாவிட்டால், அந்த உதவிக்கு நிதி தொடராது. அடுத்த பருவத்திலிருந்து மாணவிக்கு அச்சடித்த பாடக் குறிப்புகள் மட்டும் போதும் என்றார்.

முதல் ஆண்டில் இந்தப் பெண் அப்படித்தான் குறிப்புகளை வைத்துக்கொண்டு, பேராசிரியரின் வாயசைவை வெறித்துக்கொண்டு, படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டியவள். அப்போதுதான் அக்காவை வேலைக்கு வைத்தார்கள். இப்போது மூன்றாம் ஆண்டு புள்ளியியல். பட்டத்துக்கு இன்னும் ஒரே பருவம்தான் பாக்கி.

“ஹால்லயும் இருப்பு கொள்ளலையாம். மூணு மணி நேரப் பரீட்சை, எல்லாத்துலயும் பாதியிலயே பேப்பரைக் குடுத்துட்டுக் கிளம்பியிருக்கா. எழுதின வரைக்கும் ஒரு தப்பு கிடையாது, அதுக்கப்புறம் வெத்துத் தாள்.” அலுவலர் மாணவியைப் பார்க்கவே இல்லை, அக்காவைத்தான் பார்த்தார். “அப்படின்னா என்ன அர்த்தம்? பாதிப் பாடம்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. மீதியை நீங்க கோட்டை விட்டிருக்கீங்க.”

வாரம் பத்து மணி நேரமாக இருந்த அக்காவின் வேலை, இந்தப் பருவம் ஐந்தாகச் சுருங்கியிருந்தது. நேரத்தைக் குறைத்த கடிதம் மாணவிக்குத்தான் வந்தது. நிதிப் பற்றாக்குறையாக இருக்கும் என்று அக்காவும் காரணம் கேட்கவில்லை. அந்த ஐந்து மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் போய், எதையெதை விட்டுத் தொலைத்தாளோ.

அவர் சொன்னதைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சைகை காட்டியிருக்கலாம். அந்த அறையில் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கூட்டாதே, குறைக்காதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ‘மீதியை நீங்கள் கோட்டை விட்டீர்கள்’ என்று அப்படியே காட்டினாள்.

அலுவலர் ஒரு தாளை நீட்டினார். உதவியை நிறுத்துவதில் இருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று அதில் தயாராக அடித்து வைத்திருந்தது. அக்கா பேனாவை எடுத்தாள். இந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்று அந்த நிமிடம் அவள் மனசார நம்பினாள்.

மாணவி சட்டென்று தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள். பிறகு விதிப்புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அலுவலர் வாசித்த வரிக்கு மேல் வரியில் விரலை வைத்து, அவரிடமே திருப்பிக் காட்டினாள். அவள் கைகள் வேகமாகப் பேசத் தொடங்கின.

“என்ன சொல்றா?” என்றார் அலுவலர், அப்போதும் அக்காவிடமே.

மாணவி சொல்வதைச் சொல்லும்போது ‘அவள்’ என்று சொல்லக் கூடாது, அவள் குரலாக மாறி ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் முறை. இதை அப்படியே சொல்லட்டுமா என்று அக்கா கையால் ஒரு முறை கேட்டாள். மாணவி தலையசைத்தாள்.

“போன செமஸ்டர்ல நான் எம்பத்தாறு பர்சன்ட் எடுத்தேன். முன்னேற்றம் தெரிஞ்சா உதவியைக் குறைக்கலாம்னு இங்க போட்டிருக்கு. இந்த வரியைக் காட்டித்தான் அக்கா நேரத்தைப் பாதியாக்கினீங்க.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியைப் படித்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் மாணவியின் பக்கம் திரும்பினார்.

மாணவியின் கைகள் இன்னும் ஒரு வாக்கியம் பேசிவிட்டு மடியில் அடங்கின. அதையும் அக்கா கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“மீதிப் பாதியும் போயிடக் கூடாதுன்னுதான், நாப்பதுக்கு எழுதினதும் பேனாவை மூடிட்டேன்.”