ரேடியேட்டர் விடும் ஏப்பம்

புது ரேடியேட்டரை நானே மாட்டிவிட்ட பெருமையில், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமலே மூடியை இறுக்கிவிட்டேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டியை ஆறவைத்து, இப்போது வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, இன்ஜினை மெல்ல ஓடவிட்டு நிற்கிறேன். பச்சைக் கூலன்ட்டில் மாலை வெயில் நெளிகிறது. மதில்மேல் ஸ்பீக்கரில் கிடக்கிற போனுக்குள் என் மனைவி. கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள்; எப்போது வருகிறாய் என்றால் "பாக்கலாம்" என்பதோடு சரி. ஒரு பெரிய குமிழி பளக்கென்று உடைகிறது.

"அங்க என்னங்க சத்தம்?"

"ரேடியேட்டர் ஏப்பம் விடுது."

"உங்க கை பட்டா அதுக்கும் அஜீரணமா?"

சிரிக்கிறாள். இந்தச் சிரிப்புக்காக இன்னொரு ரேடியேட்டரைக்கூடக் கெடுக்கலாம். குமிழி உடைய உடைய மட்டம் இறங்குகிறது, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். அவள் உட்காரும் சீட்டைக் காலையிலேயே துடைத்து வைத்ததை மட்டும் சொல்லவில்லை. மெல்ல மெல்லக் குமிழிகள் நின்றுபோகின்றன. வண்டிக்குள் எட்டிப் பார்த்தால், ஊசி நடுவில் நல்ல பிள்ளையாக நிற்கிறது. இன்ஜினை அணைக்கிறேன். சத்தம் நின்றதும் தெரு திடீரென்று பெரிதாகிவிடுகிறது.

"வண்டி சரியாயிடுச்சும்மா. நாளைக்கு வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

வழக்கமான "பாக்கலாம்" வரும் என்று மூடியைக் கையில் எடுக்கிறேன். மூடியிலிருந்து பச்சைத் துளி ஒன்று செருப்பில் விழுகிறது.

"வேண்டாங்க," என்கிறாள், கோபமே இல்லாமல். "நான் இனிமே வரமாட்டேன்."