வெறும் தூளியின் எடை

மாதத்தின் முதல் செவ்வாய் ஊர்ப் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். நர்ஸ் டேவா மாமரக் கிளையில் தராசை மாட்டி, கொக்கியில் துணித்தூளியைத் தொங்கவிட்டாள். வெறும் தூளிக்கே முள் பதினாறு கிலோவில் போய் நின்றது.

அவள் ஆச்சரியப்படவில்லை. எபோலா வருஷத்தில் மூன்று கிலோவில் தொடங்கியது இந்த வெறும் எடை. தராசை மூன்று முறை மாற்றியாயிற்று. இப்போதெல்லாம் அதைக் கழித்துத்தான் எழுதுகிறாள்.

சியா தன் ஒன்றரை வயது மகளைத் தூளியில் உட்கார வைத்தாள். முள் இருபத்து மூன்றுக்குப் போயிற்று. டேவா ஏழு என்று எழுதினாள்.

"போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கே சியா. கஞ்சி குடுக்குறியா இல்லியா?"

"குடுக்காமலா? நாலு நாளா பேதி. எதுவும் தங்கல."

"அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றதுக்கென்ன?"

"எங்க தங்கச்சி கும்பா வந்தாளே, நெறமாசமா. கேட்டைத் தெறந்தீங்களா நர்சம்மா?"

டேவா குனிந்துகொண்டாள். எபோலாக் காய்ச்சலுக்குப் பயந்து அன்று ஆஸ்பத்திரிப் பூட்டைத் திறக்காதவள் அவள்தான். கும்பா வாசலிலேயே செத்தாள். வயிற்றுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத்தான் புதைக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கிஸ்ஸி இனத்தாரின் வழக்கம். கவச உடுப்போடு பிணமெடுக்க வந்தவர்கள் பிரிக்காமல் அப்படியே புதைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருத்திகூடப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

சியா மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். தூளி கனத்தபடியே தொங்கியது.

டேவா வளர்ச்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பெயரில்லாத கோட்டின் நுனியில் பதினாறு கிலோவுக்குப் புள்ளி வைத்தாள். அந்தப் புத்தகத்தின் முப்பத்தொரு கோடுகளில் அது ஒன்றுதான் ஒரு மாதம்கூடச் சறுக்காமல் ஏறியிருந்தது.